மனு அக்காவின் பதினெட்டாவது பாடம்

"தப்பு ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, அதைத் திருத்தச் சொல்லி மனு எழுதாம நான் விட்டதும் இல்ல, விடப்போறதும் இல்ல. எழுதி வச்சுக்குங்க!"

மனு அக்கா இந்தச் சபதத்தை உதிர்த்தது தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையத்தில், மூன்றாம் எண் ஜன்னலுக்கு முன்னால். அப்போது பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் உண்மையாகவே நோட்டை எடுத்து எழுதி வைத்துக்கொண்டார். தேர்வுக்கு வந்தாலும் வரலாம் என்று நினைத்திருப்பார்.

அக்காவின் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது. இருபது வருடமாக, அரை மில்லிமீட்டர் பிசகை வெறும் கண்ணால் பார்த்தே பிடித்துவிடுகிறவர். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர் கையேட்டை நீட்டியதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய அசட்டுத்தனம்.

எட்டு வருடங்களுக்கு முன்பு, முப்பத்தாறு வயதில், பட்டம் வாங்கியே தீருவது என்று அக்கா சேர்ந்தார். சேர்ந்த அன்று எல்லோர் கையிலும் தொண்ணூற்றாறு பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் தேர்வு அட்டவணைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினார்கள். கடைசி எட்டுப் பக்கங்கள் 'மாணவர் உரிமைகளும் குறைதீர்ப்பும்'. யாரும் படித்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அக்காவின் கைப்பையிலோ லென்ஸ் சோதிக்கும் பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே எட்டுப் பக்கத்தையும் படித்து முடித்தார். இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டார். மூன்றாவது பேருந்தில் ஏறியபோது அவர் வேறு ஆளாக இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை மையத்தின் கோப்புகளே சொல்லும். தேர்வு எழுதியும் 'வரவில்லை' என்று குறிக்கப்பட்ட ஒரு நர்ஸ், அக்காவின் மனுவால் வந்தவரானார். வீட்டில் எழுதி ஒப்படைத்த பாட ஏட்டைத் தொலைத்துவிட்டு, "நீங்க குடுக்கவே இல்லையே" என்று மையம் கைவிரித்தபோது, வாங்கியதற்கு ரசீது தருவது மையத்தின் கடமை என்று காட்டி ஒரு லிஃப்ட் இயக்குபவருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தார். மதிப்பெண்ணைப் பெயரோடு சுவரில் ஒட்டி மானத்தை வாங்குகிறார்களே என்று மனுப் போட்டு, இனிப் பட்டியல்களில் பதிவு எண் மட்டுமே இருக்கும், யாருடைய எண் எது என்று ஊழியர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு பெற்றார். அலுவலக ஜன்னலின் ஓட்டை இடுப்பு உயரத்தில் இருப்பதால் மாணவர்கள் கும்பிடு போடுகிற தோரணையில் பேச வேண்டியிருக்கிறது என்றும் ஒரு மனு. பல்கலைக்கழகம் ஐந்து மாதம் ஆலோசித்து, பழைய ஓட்டையை மூடாமல் மேலே இன்னொரு ஓட்டை போட்டது. அன்றிலிருந்து மூன்றாம் எண் ஜன்னலில் மேல் ஓட்டையில் பேச்சு, கீழ் ஓட்டையில் காகிதம்.

எல்லாவற்றுக்கும் மகுடம், விதி பதினான்கு-சி. யாரோ ஒரு பெரியவருக்குப் பாராட்டு விழா நடத்தத் தேர்வு மண்டபம் தேவைப்பட்டதால், ஒரு முறை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லித் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். விடுப்பு எடுத்தவர்கள், ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அக்கா பதினேழு பக்க மனு எழுதினார். முடிவில் பிறந்ததுதான் பதினான்கு-சி: 'அறிவிக்கப்பட்ட தேர்வை, அந்தப் பாடத்தை எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் எழுத்தில் சம்மதித்தாலன்றித் தள்ளிவைக்கக் கூடாது.' அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மையத்துச் சுவரில் மாட்டினார்கள். சட்டம் அக்காவின் கடை உபயம்.

இத்தனை வெற்றிகளுக்கு நடுவே ஒரு சின்ன விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. மூன்று வருடப் படிப்பை அக்கா எட்டாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கவனித்த ஒரே ஆள் அவருடைய கணவர். ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர்; சத்தம் வராமல் ஓடினால்தான் எந்திரம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர்; தன்னையும் அப்படியே வைத்துக்கொண்டவர். அக்காவின் மனுக்களுக்கெல்லாம் நகல் எடுத்து வருவது அவர் வேலை.

"ஏம்மா," என்றார் ஒரு நாள், இட்ட சாப்பாட்டைப் பிசைந்தபடி. "ஊருக்காக நீ போட்ட மனுவை விடு. உனக்காகப் போட்டது மொத்தம் பதினொண்ணு. பதினொண்ணும் அந்தப் புள்ளியியல் பேப்பரைத் தள்ளிப் போடத்தான்."

"ஒரு தடவை பாடத்திட்டம் மாத்தினாங்க. ஒரு தடவை மையத்தை மாத்தினாங்க. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். எல்லாம் தற்செயல்ங்க."

"பதினோரு தடவையா?"

"தற்செயல்னா எத்தனை தடவை வேணா வரலாம். அதுக்கு ஒண்ணும் விதி கிடையாது."

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, நான் முந்திப் பட்டம் வாங்கிட்டா, உன்னை ஜூனியர்னு கூப்பிடலாமா? கையேட்டுல இடம் இருக்கா?"

"சாப்பிடுடி, பேச்சு பெருசா இருக்கு."

உண்மை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் அக்காவின் விடைத்தாளை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்துக்காட்டி, நடுவில் அடக்கமுடியாமல் சிரித்தும்விட்டார். முப்பது வருடமாகியும் அந்தச் சிரிப்பு அக்காவின் காதைவிட்டு இறங்கவில்லை. பதினெட்டுப் பாடங்களில் பதினேழை ஊதித் தள்ளியவர், பதினெட்டாவதன் புத்தகத்தில் அட்டையைத் தாண்டியதில்லை.

இந்த முறை தப்ப வழியில்லை. ஒருவர் எட்டு வருடம்தான் பதிவில் இருக்கலாம். அதற்குள் எல்லாப் பாடமும் முடியாவிட்டால் பதிவு ரத்து. முடித்த பதினேழும் செல்லாக் காசு. கடைசித் தேர்வைத் தனியாள் தள்ளிப்போடவும் முடியாது. இவை எல்லாம் கையேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தை மட்டும் அக்கா பூதக்கண்ணாடி இல்லாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்திருந்தார்.

அப்போதுதான் தெய்வமாகப் பார்த்து அஞ்சல் துறை கை கொடுத்தது. தேர்வுக்கு நாற்பத்திரண்டு நாள் முன்பே வந்திருக்க வேண்டிய திருத்திய பாடப்புத்தகம், முப்பத்தேழு நாள் முன்புதான் வந்தது. ஐந்து நாள் தாமதம்! புத்தகத்தை யாரும் பிரிக்கவில்லை. உறையில் இருந்த முத்திரைத் தேதியைத்தான் அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தேர்வையே எல்லோருக்குமாகத் தள்ளிவைத்தால் பதிவும் தானாக நீளும். மறுநாள் காலை மனு கீழ் ஓட்டை வழியாக உள்ளே போனது.

ஜன்னல்காரர் படித்தார். எட்டு வருடமாக அக்காவிடம் தோற்றுத் தோற்றுப் பக்குவப்பட்ட மனிதர். மூக்கு நுனியில் இருந்த கண்ணாடிகூட அக்கா பொருத்தியதுதான்.

"மனுவுல ஒரு குறையும் இல்ல மேடம். புத்தகம் தாமதம்தான், ஒத்துக்கறேன்."

"அப்போ தேதியைத் தள்ளுங்க சார்."

அவர் அக்காவின் தலைக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். அங்கே பதினான்கு-சி பளபளத்தது.

"பதினோரு பேர் எழுதறாங்க. உங்களையும் சேர்த்து. எல்லார் கையெழுத்தும் வேணும்."

"இவ்வளவுதானே!" என்றார் அக்கா. அந்தப் பத்துப் பேரில் அக்காவால் கரையேறாதவர் யார் இருக்கிறார்கள்?

ஒன்பது நாளில் ஒன்பது கையெழுத்து சேர்ந்தது. லிஃப்ட் இயக்குபவர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் போட்டுக் கொடுத்தார். பேருந்து நடத்துநர் டிக்கெட் கிழித்தபடியே போட்டார். படிக்காமல் போடுகிறார்களே என்று அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "படிச்சுட்டுப் போடுங்கப்பா! எதுல கையெழுத்து போடறோம்னு தெரிஞ்சுக்கறது மாணவர் உரிமை!" நர்ஸ் மட்டும் சொன்னபடி படித்தார். படித்ததும் முகம் லேசாக வாடியது.

"தேர்வைத் தள்ளவா அக்கா? நான் லீவுக்கெல்லாம் சொல்லிட்டேனே. படிச்சும் முடிச்சுட்டேன்." பிறகு சிரித்தார். "சரி, போகட்டும். நீங்க இல்லன்னா நான் இன்னும் 'வராதவ'தானே." போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கையெழுத்து மட்டும் மற்ற எட்டையும்விட அக்காவின் பையில் கொஞ்சம் கனத்தது.

பாக்கி ஒன்று. பட்டியலில் பெயர் இல்லை, எண் மட்டும்: அதன் கடைசி மூன்று இலக்கம் 311. அது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா மூன்றாம் எண் ஜன்னலுக்குப் போனார்.

"சார், இந்த முன்னூத்திப் பதினொண்ணு யாரு?"

"சொல்லக் கூடாது மேடம். எண்ணை வச்சு ஆளைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. நீங்க வாங்கினது."

அது அக்கா தன் கையாலேயே பூட்டிய பூட்டு, சாவியும் கிடையாது.

"ஆனா ஒண்ணு," என்றார் ஜன்னல்காரர், மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தபடி. "அந்த மாணவரே சம்மதிச்சா சொல்லலாம்."

"சம்மதிப்பாரா? கேட்டுப் பாருங்க."

ஜன்னல்காரர் கண்ணை மூடினார். திறந்தார். "கேட்டுட்டேன். சம்மதிச்சுட்டார். நான்தான்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமுவதை நிறுத்தினார்கள்.

"நீங்களா? நீங்க... உள்ள இருக்கிறவர் ஆச்சே!"

"ஊழியரும் மாணவராச் சேரலாம் மேடம். பக்கம் பதினொண்ணு." சொல்லும்போது அவர் காது சிவந்தது. "நாலு வருஷம் முன்னாடி சேர்ந்தேன். நீங்க ஒவ்வொரு தடவையும் வந்து விதியை எடுத்துப் போடும்போது, இந்த அம்மா படிச்சதை நாமளும் படிச்சா என்னன்னு ஒரு ரோஷம். எனக்கும் இதுதான் கடைசிப் பாடம். பட்டம் இருந்தா உள் அறைக்குப் பதவி உயர்வு. அந்தப் பட்டியலை அடுத்த மாசக் கடைசியில மூடறாங்க. தேர்வு தள்ளிப் போச்சுன்னா இன்னும் அஞ்சு வருஷம் இந்த ஓட்டைதான். நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம். மன்னிச்சுக்குங்க."

அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபத்தை வைக்க இடம்தான் அகப்படவில்லை. கடைசி நேரத்தில் தேர்வைத் தள்ளி ஒரு மாணவரின் வாழ்க்கையோடு விளையாடுவது அநியாயம் என்று பதினேழு பக்கம் எழுதியவர் யார்? எதிரே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரு மாணவர். அவர் உரிமையைப் பறிக்க வந்திருப்பது... அக்கா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"குடுங்க சார் அந்த மனுவை," என்றார். கீழ் ஓட்டை வழியாக மனு திரும்பி வந்தது. எட்டு வருடத்தில் அந்த ஓட்டை இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

தேர்வுக்கு இருபத்தேழு நாள்.

வீட்டுக்கு வந்தவர் புள்ளியியல் புத்தகத்தின் உறையைக் கிழித்தார், படிக்க அல்ல. பல்கலைக்கழகத்தின் மேல் பழி போட வேறு ஏதாவது அகப்படுமா என்று பார்க்க. பழக்க தோஷத்தில் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அங்கே விடைகள் இருந்தன. பூதக்கண்ணாடி மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"என்னங்க! இங்க வாங்க! ஒரு பேருந்துப் பணிமனையில இருக்கிற ஓட்டுநர்களோட சராசரி வயசு என்னன்னு கேட்டிருக்கான். விடை பதினாலாம்! பதினாலு வயசுப் புள்ளைங்க கையில பேருந்தைக் குடுத்தது யாரு?"

கணவர் எட்டிப் பார்த்தார். "அச்சுப் பிழையா இருக்கும். சரியான விடை என்ன?"

"அது... கண்டுபிடிக்கணும். மனுவுல சும்மா தப்புன்னு எழுதினா ஒத்துக்க மாட்டான். சரியானது இதுன்னு நிரூபிக்கணும்."

"அப்போ நிரூபி," என்று சொல்லிவிட்டுக் கணவர் அடுப்பறைக்கு நழுவினார். அன்றைய வேலைகள் அனைத்தையும் சத்தமில்லாமல் தானே செய்தார்.

நிரூபிக்கச் சராசரி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். அதற்கு முதல் பாடத்தைப் படிக்க வேண்டும். படித்தார். நாற்பத்தொன்று வந்தது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன! வெற்றிக் களிப்பில் அடுத்த விடையையும் சந்தேகித்தார். ஒரு தப்பு செய்தவன் இன்னொன்று செய்யாமலா இருப்பான்? அடுத்ததையும் போட்டார். அது சரியாக இருந்தது, ஏமாற்றமாக இருந்தது. அதற்கடுத்ததைப் போட்டார்.

புத்தகத்தில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கணக்குகள். ஒவ்வொன்றும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. கடையில் ஒரு லென்ஸ் தேய்ந்து முடிவதற்குள் இடைநிலை அளவு. ஃபிரேம் திருகை முறுக்கும்போது மனசுக்குள் திட்ட விலக்கம். பவர் சோதிக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், எதிரே மாட்டியிருந்த அட்டையின் எண்களை வாசிக்க, அக்கா கவனமில்லாமல் "அதோட வர்க்கம்?" என்று கேட்டுவிட்டார்.

"அம்மா, படிக்கிறியா?" என்றாள் மகள், சாப்பாட்டு மேசை முழுவதும் பரவிக் கிடந்த தாள்களைப் பார்த்து.

"யாருடி படிக்கிறா? தப்பு தேடிக்கிட்டிருக்கேன்."

மகள் வாயைத் திறக்கும்முன் கணவர் கண்ணால் ஜாடை காட்டினார். ஓடுகிற எந்திரத்தின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம்.

பத்தாம் நாள் ஒன்பது தப்புகளோடு அக்கா மூன்றாம் எண் ஜன்னலுக்கு முன் நின்றார். கணக்குப் போட்ட தாள்கள் கட்டாக இணைக்கப்பட்டிருந்தன.

"திருத்தப் பட்டியல் வெளியிடணும் சார். பாருங்க, முதல் பாடம் பதினேழாவது கணக்கு. ஓட்டுநர் வயசு பதினாலு இல்ல, நாற்பத்தொண்ணு."

ஜன்னல்காரர் நாற்காலியைவிட்டு எழுந்தார். அவர் முழு உயரத்தை அன்றுதான் மாணவர்கள் பார்த்தார்கள்.

"நாற்பத்தொண்ணா? நெஜமாவா மேடம்?" மேல் ஓட்டை வழியாகக் கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டார். "எனக்கும் நாற்பத்தொண்ணுதான் மேடம் வந்துச்சு! ரெண்டு வாரமா! பதினாலு வர்ற வரைக்கும் விடக்கூடாதுன்னு போட்டுப் போட்டு, ஒரு நாள் வந்தும் போச்சு!"

"பதினாலு எப்படி சார் வந்துச்சு?"

"அதான் மேடம் எனக்கும் தெரியல. அன்னிலேருந்து நான் மக்குன்னு முடிவு பண்ணிட்டேன்."

"நீங்க மக்கு இல்ல சார். புத்தகம்தான் மக்கு. மனுவுல எழுதியிருக்கேன் பாருங்க, கொஞ்சம் மரியாதையா."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அதுவும் சேர்ந்து சிரித்துவைத்தது. அக்கா பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மனு எழுதுகிற அவசரத்தில் அவர் இருநூற்றுப் பதினான்கு கணக்குகளையும் போட்டு முடித்திருந்தார். காதுக்குள் வாத்தியாரின் சிரிப்பைத் தேடிப் பார்த்தார். சற்று முன் கேட்ட ஜன்னல்காரர் சிரிப்புதான் இருந்தது.

திருத்தப் பட்டியல் ஒரு வாரத்தில் வந்தது. தேர்வும் அறிவித்த தேதியில், அறிவித்த மண்டபத்தில் நடந்தது. பதினோரு பேரும் வந்தார்கள். ஜன்னல்காரர் முதல் முறையாக ஜன்னல் இல்லாமல் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். நர்ஸ், அக்காவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். மூன்றாவது கேள்வி சராசரி. யாருடைய வயது என்று கேட்டிருந்தார்கள்? பேருந்து ஓட்டுநர்களுடையது! மண்டபத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கண்காணிப்பாளர் சந்தேகத்தோடு குறித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து முடிவுகள் வந்தன. ஜன்னல்காரருக்கு அன்று அந்த ஜன்னலில் கடைசி நாள். மறுநாளிலிருந்து உள் அறை. அவருக்கு அறுபத்துமூன்று மதிப்பெண். நர்ஸுக்கு எழுபத்தெட்டு. பதினோரு பேரும் தேறியிருந்தார்கள்.

அக்கா கடையிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி அப்படியே இருந்தது. கீழ் ஓட்டை வழியாக மதிப்பெண் பட்டியல் வந்தது. எட்டு வருடம், பதினெட்டுப் பாடம். கடைசி வரியில் 'தேர்ச்சி' என்று இருந்தது. அந்தச் சொல்லை அக்கா பூதக்கண்ணாடி இல்லாமலே மூன்று முறை படித்தார்.

பிறகு அந்தக் கண் தன் வேலையைக் காட்டியது. புள்ளியியல்: முதல் பகுதிக்கு இருபத்திரண்டு, இரண்டாம் பகுதிக்கு முப்பத்தேழு. மொத்தம் ஐம்பத்தேழு.

மேல் ஓட்டையில் ஜன்னல்காரர் தொண்டையைச் செருமினார்.

"மேடம்... கூட்டல்ல ரெண்டு மார்க் விட்டிருக்காங்க. நான் காலையிலேயே பார்த்துட்டேன். ஐம்பத்தொன்பது வரணும்." மறுகூட்டல் படிவம் ஏற்கனவே எடுத்துத் தயாராக வைக்கப்பட்டிருந்தது. அவருடைய சொந்தப் பேனாவும் மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. "மனு எழுதிருங்க. இது உங்க உரிமை. நாற்பத்தஞ்சு நாள்ல திருத்திக் குடுத்துருவாங்க."

அக்கா படிவத்தைப் படித்தார், வரி வரியாக, தன் வழக்கப்படி. மூன்றாவது வரி: 'மூல மதிப்பெண் பட்டியலை இத்துடன் ஒப்படைக்க வேண்டும்.'

"இதைத் திருப்பிக் குடுக்கணுமா சார்?"

"ஆமா மேடம். விதி."

பின்னால் வரிசை காத்திருந்தது. அக்கா பேனாவுக்கு மூடி போட்டார். அதைப் படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் மெதுவாகக் கீழ் ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார். மதிப்பெண் பட்டியலை மஞ்சள் துணியில், புது லென்ஸைச் சுற்றுவது போல, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"வர்றேன் சார். உள் அறையில வெளிச்சம் குறைச்சல். கண்ணாடி பவரை ஒரு தடவை பார்த்துக்குங்க, கடைக்கு வாங்க."

அடுத்து நின்றவருக்கு வழிவிட்டு, அக்கா படியிறங்கிப் போனார்.